எட்டு நிமிட ஞாயிறு

"பல்லு தெரியணும்," என்றார் யாசிர் சார். "லீவு நாள்ல ஊர் சுத்த வந்தவங்க மாதிரி சிரிங்க."

"பல்லுக்கும் டார்கெட்டா சார்?" என்றாள் பின்வரிசையிலிருந்து அஃப்ரோஸ்.

நாங்கள் நாற்பத்திரண்டு பேர் மேல்பட்டி ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்றிருந்தோம். எல்லோரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. முன்வரிசையில் இரண்டு பேர் பேனரைப் பிடித்திருந்தார்கள். அதில் 'ஞாயிறு ரயில் நடை' என்று எழுதி, கீழே ஒரு மரம், ஒரு ரயில், கண் வைத்துச் சிரிக்கும் ஒரு ஷூ.

படம் எடுக்க எட்டு நிமிடம் இருந்தது. அந்த எட்டு நிமிடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்.

சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சர் ஒரு நிமிடம்தான் நிற்கும். ஒரு நிமிடத்தில் நாற்பத்திரண்டு பேரைச் சிரிக்க வைக்க முடியாது.

ஆனால் பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் கதை வேறு. பாசஞ்சரை நேர்ப்பாதையிலிருந்து விலக்கி, பக்கத்தில் வளைந்து போகும் லூப் லைனில் நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் முந்திக்கொண்டு போகும்வரை அது அசையாது. பின்னால் ரயில், முன்னால் நாம். திரும்பிப் போகும் வண்டியை அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

படம் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறது. தொழிலாளிக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு உண்டா, அந்த நாளில் அவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று வருகிறவர் பார்ப்பார். ஓய்வு ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஆனால் ரிஜிஸ்டர் சிரிக்காது.

அதனால் எச்.ஆர். யாசிர் சார் இந்த நடையை ஏற்பாடு செய்தார். விருப்பமுள்ளவர்கள் வரலாம். விருப்பமில்லாதவர்கள் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் விருப்பம் இருந்தது.

காலையில் வந்து இறங்கி ஸ்டேஷனைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு டிக்கெட் கவுண்டர், இரண்டு பெஞ்ச், ஒரு வேப்பமரம். பிறகு வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். நிகழ்ச்சிப் பட்டியலில் 'இயற்கையை ரசித்தல்' என்ற வரிக்கு நேராக யாசிர் சார் டிக் அடித்ததும் திரும்பினோம்.

பரீட்சை முடிந்து யூனிஃபார்மோடு பிளாட்பாரத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளை அவர் தள்ளி நிற்கச் சொன்னார். யூனிஃபார்ம் படத்தில் விழுந்தால் நன்றாக இருக்காதாம்.

பேனரின் இடது முனை சௌந்தர்யாவின் கையில். தையல் லைனில் வேலை செய்கிறவள். நாற்பத்திரண்டில் அவள் சிரிப்புதான் முதல் தரம்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினாலாம் தேதி அவள் மகளுக்குப் புதுநன்மை. வெள்ளை கவுன் போட்டு, சர்ச்சில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கும் நாள். அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒருநாள் லீவுக்காக மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் யாசிர் சார், "படம் முடியட்டும்" என்றிருந்தார்.

படம் முடிந்தது. பாசஞ்சர் கிளம்ப நான்கு நிமிடம் மிச்சம்.

"சார், அந்த லீவு..."

"தேதி சொல்லும்மா," என்று போனை எடுத்தார்.

"பதினாலு."

எங்கள் கம்பெனியின் லீவு ஆப் மிக எளிமையானது. காலண்டர் திறக்கும். வேலை நாட்கள் பச்சை நிறம். தொட்டால் லீவு, ஆப்சென்ட் என்று இரண்டு பட்டன் வரும். ஞாயிறுகள் சாம்பல் நிறம். தொட்டால் ஒன்றும் வராது. விடுமுறை நாளில் யார் லீவு கேட்கப் போகிறார்கள்?

பதினாலு சாம்பல் நிறத்தில் இருந்தது.

யாசிர் சார் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு போனை அவள் பக்கம் திருப்பினார்.

"ஞாயித்துக்கிழமைம்மா அது. கம்பெனியே லீவு. லீவுக்கு எப்டிம்மா லீவு குடுக்கறது?"

"அப்போ நான் வர வேணாமா சார்?"

"வராம? ஷிப்மென்ட் இருக்கே. போன ஞாயிறு வந்த மாதிரி எட்டு மணிக்கு வந்துடு. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. வரலன்னா ஆப்சென்ட்தான்."

சௌந்தர்யா அந்தச் சாம்பல் கட்டத்தையே பார்த்தாள். முகத்தில் படத்துக்குப் போட்ட சிரிப்பு இன்னும் இறங்கவில்லை.

"லீவு நாள்ல எப்டி சார் ஆப்சென்ட் போடுவீங்க?"

"கேக்கறா பாரு!" என்றாள் அஃப்ரோஸ்.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் வந்தது. இருபத்திரண்டு பெட்டி. பேனர் படபடத்தது. அது கடக்கும்வரை பேசினாலும் கேட்காது. யாசிர் சாருக்கு யோசிக்க அது போதுமானதாக இருந்தது.

தூசி அடங்கியதும் சொன்னார். "பதினாலுல போட முடியாதுதான். இன்னிக்கு போட்டுடுவேன்."

சௌந்தர்யா ஒரு மூச்சு விடும் நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோங்க சார். பதினாலு நான் வரல."

அன்றைய தேதி பச்சை நிறத்தில் இருந்தது. அன்று புதன்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஆம்பூரில் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாத நாளில்தான் எங்களுக்கு ஞாயிறு வரும்.

யாசிர் சார் தொட்டார். உடனே திறந்தது. அவள் பெயருக்கு நேராக 'ஆப்சென்ட்' என்பதை அழுத்தினார்.

பேனரின் இடது முனையைப் பிடித்தபடி, அவருக்கு எதிரில் ஒரு கை தூரத்தில் அவள் நின்றிருந்தாள்.