உள்ளே இருப்பவருக்கே முதல் வழி

பண்ணையிலிருக்கும் பழங்காலக் கல்லறையைச் சுற்றிப் பார்க்க வாங்கிப்போன டார்ச்சைத் திருப்பித் தர வந்தவர் அதை வாசல் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது தேவையே படலைங்க. உள்ள இருந்த பெரியவர் எங்க கையைப் பிடிச்சே சுத்திக் காட்டிட்டார்."

மெரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பெரியவர்?"

"உங்க ஆள்தானே? 'மகாராஜாவே வந்தாலும் இந்த வீட்டுக்குள்ள முட்டி போட்டுத்தான் நுழையணும்'னாரு. என் வீட்டுக்காரி இன்னும் கார்ல உக்காந்து சிரிச்சிட்டிருக்கா." அவர் டார்ச்சை நீட்டினார். "ஆனா கை ரெண்டும் ஐஸ்கட்டி மாதிரி இருந்துச்சும்மா. போர்த்திக்க ஏதாவது கொண்டுபோய்க் குடுங்க."

அது சுற்றிப் பார்க்க வருபவர்களிடம் அப்பா வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை. ஒரு சொல் கூட மாறவில்லை.

அப்பா விடிவதற்கு முன்பே காணாமல் போயிருந்தார். பூட்ஸ் கதவருகே அப்படியே இருந்தது. தம்பி எர்லெண்டும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் காலையிலிருந்து கடலோரப் பாறைகளில் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா தானாகத் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமே என்று மெரனை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள்.

கல்லறைக்குள்ளும் எர்லெண்ட் பார்த்திருந்தான். முதலில் பார்த்ததே அங்கேதான். அப்போது யாரும் இல்லை.

அதற்குப் பிறகு வந்து நுழைந்திருப்பார்.

மெரன் எர்லெண்டுக்குப் போன் போட்டாள், மணி அடிக்கவே இல்லை. பாறைகளுக்குக் கீழே சிக்னல் கிடைக்காது. அப்பாவின் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு அவள் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஓடினாள். நவம்பரில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இந்த ஆர்க்னித் தீவுகளில், மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் வெளிச்சம் போய்விடும். காற்று வேறு.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கல்லறை வெறும் புல்மேடு. மாடுகள் ஏறி நின்று கடலைப் பார்க்கும். உள்ளேதான் கல். ஐயாயிரம் வருடம் ஆகியும் ஒரு பலகைக்கல் நகரவில்லை. கொத்தனார் சாப்பிடப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பது போல இருக்கும்.

உள்ளே போகும் வழி இடுப்பு உயரம்தான். ஒரு உடம்பின் அகலம். நடுவில் இரண்டு பேர் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டால் ஒருவர் பின்னோக்கியே தவழ வேண்டியதுதான். அதனால் ஒரு வழக்கம். வாசலில் நின்று "உள்ள யாரு?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் ஒதுங்கி நின்று காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கே முதல் வழி.

அப்பாவுக்கு எல்லாம் மறந்து போனபோதும் இது மறக்கவில்லை. வீட்டில் குளியலறைக் கதவு முன்னால் நின்றுகூட "உள்ள யாரு?" என்பார்.

மெரனைத்தான் மறந்துவிட்டார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு? உங்கப்பா உன்னைத் தேட மாட்டாரா?" என்று தினமும் கேட்பார். "தேடுவார்" என்று சொல்லிவிட்டு அவள் கஞ்சியை ஊட்டுவாள். அவர் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வாசல் இருட்டாக இருந்தது. அவள் குனிந்தாள்.

"உள்ள யாரு?"

உள்ளே பேசினால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. கல் அதைச் சுற்றவிட்டுத்தான் வெளியே அனுப்பும்.

"மெரன் கண்ணு, நான்தான். அங்கயே நில்லு. ரெண்டு பேருக்கு இடம் பத்தாது, நானே வர்றேன்."

அவள் கைகளில் கோட்டை இறுக்கிக்கொண்டாள்.

"மெதுவா வாங்கப்பா. முட்டி பத்திரம். கோட்டு கொண்டாந்திருக்கேன்."

"எனக்கு எதுக்கு? உன் பல்லு தந்தியடிக்கறது இங்க வரைக்கும் கேக்குது. நீ போட்டுக்க."

அவள் சிரித்தாள். சொன்னபடி போட்டுக்கொண்டாள். கோட்டில் மாட்டுக் கொட்டகை வாசனை. கண்ணைத் துடைக்க அதன் பையில் அவருடைய கைக்குட்டை கூட இருந்தது.

கீழே வேலிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எர்லெண்ட் ஏறி வந்துகொண்டிருந்தான். இடுப்பு வரை நனைந்திருந்தான். இந்தக் காற்றிலும் தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது.

"எர்லெண்ட், இங்க வா. அப்பா என் பேரைச் சொன்னார்டா."

அவன் அவளையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தான்.

"அக்கா... அப்பாவைத் தூக்கிட்டு வந்தாச்சு. வீட்டுக்குக் கொண்டுபோறாங்க. பாறை இடுக்குல, தண்ணி வடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சார். விடியறப்பவே உயிர் போயிருக்கும்னு கூடத் தேடின டாக்டர் சொல்றார்."



மெரனுக்குப் பின்னால், கல்லறைக்குள்ளே, கல்லின்மேல் ஒரு முட்டி உரசியது. பிறகு மற்ற முட்டி. நிதானமாக, பல தடவை அந்த வழியில் வந்து பழகியவர் வருவது போல.

எர்லெண்டின் கை அவள் தோளில் அப்படியே நின்றுவிட்டது.

சத்தம் வாசலை நெருங்கியது.

மெரன் தம்பியின் ஈரச் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். இருவரும் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள்.