தனி வகுப்பு

"சுஜிதா, ரெக்சன், தேவமணி... மூணு பேரும் எந்திரிங்க. லைப்ரரில போய் உக்காருங்க. நான் கூப்பிடுத வரைக்கும் வெளிய தலை காட்டக் கூடாது."

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் முத்துச்செல்வி சொல்லி முடிப்பதற்குள் மூவரும் பையை எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்கவில்லை. அதுகளுக்கும் தெரியும்.

அன்றைக்கு வியாழக்கிழமை. வகுப்பைப் பார்வையிட அதிகாரி அம்மா வருகிறார். போன தடவை வந்தபோது, முப்பது பிள்ளைகள் இருக்க, சொல்லிவைத்தாற்போல் இந்த மூன்று பேரையும்தான் எழுப்பிக் கேள்வி கேட்டார்.

சுஜிதாவுக்குப் பதினேழும் எழுபத்தொன்றும் ஒன்றுதான். எண்கள் இடம் மாறித் தெரியும். ரெக்சனுக்குத் தாளில் எழுதிய கணக்கு மண்டையில் ஏறாது. தேவமணிக்குக் காது மந்தம். பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வாள். மூவரும் மாற்றி மாற்றி விழித்ததில், மாதக் கூட்டத்தில் நாற்பது ஆசிரியர்கள் நடுவே முத்துச்செல்வியை நிற்க வைத்துக் கேட்டுவிட்டார்கள். பதினாறு வருஷ சர்வீஸில் அவள் அப்படித் தலை குனிந்ததில்லை. இன்னொரு முறை அது நடக்கவே கூடாது.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தினமும் அரை மணி நேரம் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதற்கென்று மணிகளும் அட்டைகளுமாக ஒரு பெட்டிகூடக் கொடுத்தார்கள். பெட்டி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் அரை மணிக்கு எங்கே போவது? கேட்டால் முத்துச்செல்வி இதைத்தான் சொல்வாள். இதுவரை யாரும் கேட்கவில்லை.

காலியான மூன்று இடத்தையும் மற்ற பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்து நிரப்பினார்கள். அதுவும் டீச்சர் சொல்லிக்கொடுத்த யோசனைதான்.

அதிகாரி வந்தார். வகுப்பு ஜோராக நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பட்பட்டென்று பதில். முத்துச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் வராந்தா வரைக்கும்தான் தாங்கியது. போகிற போக்கில் அதிகாரி லைப்ரரிக் கதவைத் தள்ளினார்.

"கிளாஸ் நடக்கிற நேரத்துல நீங்க மூணு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

ரெக்சன் தரையைப் பார்த்தான். தேவமணிக்குக் கேள்வியே காதில் விழவில்லை. முத்துச்செல்வி பின்னாலேயே வந்து நின்றாள். உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான். சொல்வதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

சுஜிதா எழுந்தாள்.

"டீச்சர் எங்களுக்குத் தெனமும் இங்கன வச்சுத்தான் தனியாக் கணக்கு சொல்லித் தாராங்க மேடம். இன்னைக்கு நீங்க வந்ததால அங்கன நின்னுட்டாங்க."

அதிகாரிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ரெக்சனைக் கூப்பிட்டு, இருபத்தெட்டை நாலாகப் பிரிக்கச் சொன்னார். அவன் கால்சட்டைப் பையிலிருந்த சிப்பிகளை மேஜையில் கொட்டி, இருபத்தெட்டை எண்ணி எடுத்தான். கடற்கரையில் அப்பாமார் மீனைப் பங்கு வைப்பது போல ஒவ்வொன்றாக நாலு கூறில் போட்டு, "ஏழு மேடம்" என்றான்.

இந்த வருஷம் நடந்த இரண்டு தேர்விலும் வகுத்தல் கணக்குக்கு அவனுக்கு முட்டை போட்டவள் முத்துச்செல்வி.

"சிப்பியை வச்சு வகுத்தலா? நான் பார்த்த எந்த ஸ்கூல்லயும் இப்படி யாரும் மெனக்கெடலை டீச்சர். அடுத்த கூட்டத்துல நீங்கதான் இதை எல்லாருக்கும் எடுத்துச் சொல்லணும்."

இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். முத்துச்செல்வி கைகூப்பி, "நன்றி மேடம்" என்றாள்.

அதிகாரியின் கார் வாசலைத் தாண்டியதும் லைப்ரரிக்குத் திரும்பி வந்தாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பது பேர் நடுவில் நின்றபோதுகூட இத்தனை வெட்கமாக இருந்ததில்லை. அலமாரியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏளா, மேடத்துட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"உள்ளதச் சொன்னா உங்கள ஏசுவாங்கல்லா டீச்சர்."

சுஜிதா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"சனிக்கிழம மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனம் டீச்சர். பொய் சொல்லியிருந்தா சாமியார்ட்ட ஒத்துக்கிடணும். நாளையிலருந்து நீங்க எங்களுக்குத் தெனமும் சொல்லித் தந்தீங்கன்னா, நான் சொன்னது பொய்யாகாதுல்லா?"