லெப்டினன்ட் பட்டம்

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. இலங்கைப் போரில் துப்பாக்கி தூக்கி, இப்போது கிள்ளானில் அகதியாக இருக்கும் தவமலர், டேப்லெட் திரையில் தெரியும் ஆர்மோனியக் கட்டைகளை வலக்கையில் மிஞ்சிய மூன்று விரல்களால் தொட்டுத் தொட்டு ச ரி க ம வாசித்து முடிக்கிறாள். முன்னாள் போராளிகளுக்கு இசை சொல்லித்தரும் இந்தச் செயலிக்குப் பாடம் எழுதிய உர்சுலா, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். திடீரென்று எக்காளம் முழங்குகிறது. திரையில் தங்க நட்சத்திரம் சுழல்கிறது: ‘வாழ்த்துகள்! நீங்கள் இப்போது லெப்டினன்ட்!’ உர்சுலாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“என்ன கூத்து இது, கெல்வின்?”

“பேட்ஜ் லா, அக்கா,” என்கிறான் செயலியை வடிவமைத்த கெல்வின். “ஆர்மி தீம். அவங்களுக்குப் பழக்கமானதா இருக்கட்டும்னு போட்டோம். அடுத்த பாடம் முடிச்சா கேப்டன்.”

“அதுலேருந்து வெளிய வரத்தானே பாட்டு சொல்லித் தரோம்! உனக்கு மூளை இருக்கா? எடு, இப்பவே எடு!”

தவமலர் கையை மடிக்குள் இழுத்துக்கொள்கிறாள். நட்சத்திரம் அவள் முகத்தில் மஞ்சளாக மின்னிக்கொண்டே இருக்கிறது.

“எங்கட இயக்கத்தில,” என்கிறாள் மெதுவாக, “இந்தப் பட்டம் செத்த ஆக்களுக்குத்தான் குடுக்கிறவை, தம்பி.”