ஒரு கரண்டி கோதுமை

என் சிநேகிதன் திகோமிர் செத்து இன்று நாற்பதாம் நாள். கல்லறையருகே அவன் மனைவி ஸ்டமென்கா, சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்த வேகவைத்த கோதுமைத் தட்டை ஏந்தி நிற்கிறாள். பனி சொட்டும் மரச்சிலுவையில் 1912 என்ற எண் மட்டும் பளபளக்கிறது. வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு கரண்டி அள்ளி, "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். எனக்கு அடுத்து நிற்பவர் பத்திரிகை ஆசிரியர் அவ்ராம். பதினோரு வருடமாகத் திகோமிர் அனுப்பிய கவிதைகளில் ஒன்றைக்கூடப் போடாத மனுஷன், கையுறையைக் கழற்றாமலே கரண்டியை எடுக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இந்த வருஷம் மறைந்த கவிஞர்கள்னு ஒரு பக்கம் போடறோம்மா. கருப்புக் கட்டம் கட்டி. இவர் அஞ்சாவது பேரு," என்கிறார் ஸ்டமென்காவிடம். பிறகு கரண்டியை உயர்த்தி, "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்."

ஸ்டமென்கா அந்தக் கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்குகிறாள். கோதுமை தட்டிலேயே திரும்ப விழுகிறது.

"மன்னிக்கிற அளவுக்கு அவரு என்ன தப்பு பண்ணாரு?" குரல் உயரவே இல்லை. "போன வருஷம் உயிரோட இருந்த கவிஞர்கள்னு ஒரு பக்கம் போட்டீங்களா? அதுல அவரு எத்தனாவது பேருங்க?"

அவள் கரண்டியைத் துடைத்து, ஆசிரியருக்குப் பின்னால் நிற்கும் குழிவெட்டியிடம் நீட்டுகிறாள்.