மெஷினின் வாய்

மனைவி தனபாக்கியத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் கோவிந்தராசு பட்டறையைத் திறந்தார். புது மில்லிங் மெஷினில் வெட்டிய முதல் இரும்பே மேல்பரப்பு வழவழப்பாக இல்லாமல் அலை அலையாக வந்தது. பூசை போட்ட அன்று வெறுமனே ஓட்டிப் பார்த்ததோடு சரி. மறுவாரமே அவள் போய்விட்டாள். நான்கு நாளாக அவர் பெல்ட்டை மாற்றிப் பார்த்தார், அடிபோல்ட்டுகளை முடுக்கிப் பார்த்தார், மெஷினை விற்றவனின் பரம்பரையையே திட்டியும் பார்த்தார். அலை போகவில்லை. நாளைக்குள் உருப்படி வராவிட்டால் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவதாகப் பம்பு கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஃபிட்டர் அருளப்பன் வந்து கட்டரைக் கழற்றி, அது போய் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்தான்.

"அண்ணா, இதுக்குள்ள யாரோ சந்தனம் குங்குமம் வெச்சிருக்காங்க. காஞ்சு கல்லாட்டம் ஒட்டியிருக்குது. அதான் கட்டர் சரியா உக்காராம ஆடுது."

கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். பூசையன்று, "வாய்க்கும் ஒண்ணு வெக்கோணும்" என்று தனபாக்கியம்தான் விரலை உள்ளே விட்டாள். நசுங்கிய சந்தனத்தின் ஓரத்தில் அந்த விரலின் ரேகை இன்னும் இருந்தது.

"தொடச்சா போதுங்ணா, ஓடிரும்" என்று அருளப்பன் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தான்.

கோவிந்தராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதில்லடா, பேரிங்தான் போயிருக்கும். அதக் கழட்டிப் பாரு."