கடிகாரம் மாட்டிய பெட்டி

பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு மிட்டாய்த் தாள்.

தீர்ந்த பேட்டரிகளைப் போடுவதற்கான பெட்டி அது. பாளையங்கோட்டையில் அவர்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுசுழற்சிக்காரர்களின் வண்டி வரும். காலியாக இருந்தால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கேட்டு வாங்கியது அவள். வீடு வீடாகப் போய் விளக்கியதும் அவள்தான். உள்ளே துத்தநாகம் இருக்கிறது, மாங்கனீசு இருக்கிறது, உறை இரும்பு. பிரித்தெடுத்தால் எல்லாமே மறுபடி பொருளாகும். எல்லோரும் தலையாட்டினார்கள். காபிகூடக் கொடுத்தார்கள்.

பேட்டரி மட்டும் வரவில்லை.

"பெட்டி நல்ல தோதாத்தான் இருக்கு. பூனை குட்டி போடக் குடுத்திருவமா?" என்றார் சங்கச் செயலாளர் ஆவுடையப்பன்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் புதிர் விடவில்லை. இத்தனை வீடு, இத்தனை ரிமோட். தீர்ந்ததெல்லாம் எங்கேதான் போகிறது?

முதல் மாடி செல்லத்தாய் வீட்டுக்கு அவள் போனபோது டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. செல்லத்தாய் அதை உள்ளங்கையில் தட்டினாள். பேட்டரியைக் கழற்றித் தரையில் உருட்டினாள். பல்லால் கடித்தாள். ஜன்னல் வெயிலில் காய வைத்தாள். கடைசியில் டிவி மேசையின் இழுப்பறையைத் திறந்து அதில் போட்டாள். உள்ளே ஏற்கெனவே ஒரு கூட்டம் கிடந்தது.

"அக்கா, இதெல்லாம் தீந்துபோனதுதான?"

"யாருட்டி சொன்னா? ரிமோட்டுக்குத்தான் ஆவாது. இன்னும் உசுரு கெடக்கு. சுவர்க் கடிகாரத்துக்கு ஓடும்லா."

எல்லா வீட்டிலும் அதே இழுப்பறை.

சோம்பல் இல்லை. அலட்சியமும் இல்லை. உயிர் மிச்சமிருப்பதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

அவளுக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனாள். கூடத்துக் கடிகாரத்தைக் கீழே இறக்கினாள்.

நொடிமுள் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை இறங்குகிறது. அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். ஆறிலிருந்து ஏற்றம். ஒன்பதருகே முள் படுத்துக் கிடக்கும். அங்கே தூக்குவதுதான் பெரும்பாடு. தெம்பு இல்லாத பேட்டரி அங்கே மாட்டிக்கொள்ளும். முள் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் துடிக்கும்.

பேட்டரி போடும் குழியிலிருந்து இரண்டு ஒயர்களை முன்பக்கம் இழுத்துவிட்டாள். பெட்டிக்கு நேர் மேலே ஆணியடித்துக் கடிகாரத்தை மாட்டினாள். யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆளாளுக்கு இழுப்பறைப் பேட்டரிகளோடு வந்துவிட்டார்கள். படியில் நிற்க இடமில்லை.

செல்லத்தாய் பேட்டரியின் இரு முனையிலும் ஒயரை வைத்து அழுத்தினாள். முள் இறங்கியது. ஏழு. எட்டு.

"ஏறு, ஏறு, ஏறிரு!"

ஏறிவிட்டது. படி முழுக்கக் கைதட்டல். செல்லத்தாய் பேட்டரியை முந்தானையில் முடிந்துகொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்து ஆவுடையப்பன். டார்ச் லைட் பேட்டரி. ஒன்பதருகே முள் துடித்தது. இன்னும் அழுத்திப் பிடித்தார். துடித்தது.

"கடிகாரத்துக்கே ஆவலியாடே நீ?" என்று பேட்டரியைக் கேட்டார்.

அவரே உள்ளே போட்டார்.

டொக்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். டொக். டொக்.

முள் ஏறினால் பேட்டரி வீட்டுக்கு. நின்றால் பெட்டிக்கு.