ஏழாவது படம்

'வீட்டிலிருந்தே வேலை' என்று டயகம லயத்து ரூபிகாவை மூன்று பேர் ஏமாற்றியாகிவிட்டது. நாலாவதுதான் சத்தியமான வேலை. தேயிலை மலைக்கு மேலே பறக்கும் கமரா முந்தின நாள் எடுத்த படங்கள் போனில் வரும். படத்திலிருக்கும் ஆள் 'வேலை'யா 'சும்மா'வா என்று பார்த்து அமுக்க வேண்டும். 'சும்மா' என்றால் அந்த ஆளுக்கு அரைநாள் பேர் வெட்டு; பாதிச் சம்பளம்தான். முதல் நாள், ஏழாவது படத்தில் ஒரு பொம்பளை தூறலில் கல்மேல் உட்கார்ந்து காலில் அட்டை பிடுங்குகிறாள். தலைத்துணியைக் கட்டியிருப்பது ரூபிகாவின் பழைய பள்ளிக்கூட டை. ரூபிகா அடுப்படியில் ரொட்டி தட்டும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். "ஏம்மா, நேத்து கல்லுல குந்தி அட்டை புடுங்குனியா?" அம்மாவின் கை மாவிலேயே நின்றுவிடுகிறது. "அடியே, ஒரு காக்காகூடப் பாக்கலையே! ஒனக்கு யாருடி சொன்னா?" ரூபிகா 'வேலை'யை அமுக்குகிறாள். அடுத்த படம் வருகிறது. அதே கல்லைச் சுற்றி எட்டுப் பேர். நடுவில் அம்மா வெற்றிலை மடித்து, வேலை வாங்க வேண்டிய கங்காணிக்கு நீட்டுகிறாள்.